அந்தோணி என்று கூப்பிட்டால்

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் பெயர் கேட்பார். என் அப்பா தன் பெயரைச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்த மாட்டார். "அந்தோணி" என்று சத்தமாகச் சேர்த்துக்கொள்வார். பழகிய குருக்கள் என்றால் அதையும் மந்திரத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு முருகனிடம் திரும்பிவிடுவார். புதிதாக வந்த ஒருவர் மட்டும் ஒரு முறை தயங்கி, "ஐயா, அந்தோணியார் கோயில் அந்தப் பக்கம்" என்று சாலையைக் காட்டினார். அப்பாவுக்குக் கோபமே வரவில்லை. "தெரியும் சாமி. அங்கயும் போவேன். இப்ப இங்க வந்திருக்கேன், அர்ச்சனையப் பண்ணுங்க" என்றார்.

எங்கள் வீட்டில் யாரும் ஞானஸ்நானம் வாங்கியதில்லை. சாமி அறையில் வேல் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறோம். ஆனால் பிறக்கிற பிள்ளைக்கு முதலில் ஒரு சாமி பெயரை வைத்து, அதன் வாலில் அந்தோணியை ஒட்டிவிடுவார் அப்பா. எனக்கு, என் தம்பிக்கு, என் மகளுக்கு, தம்பியின் பயல்களுக்கு, எல்லோருக்கும் அப்படித்தான். இந்த நாட்டில் நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர் பின்னால் வரும். அடுத்த தலைமுறையில் அது கழன்று வேறொன்று வரும். எங்களுடையது மட்டும் கழலாமல் நின்றுவிட்டது.

இதனால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அரசாங்கக் கிளினிக்கில் தாதி என் அடையாள அட்டையான ஐ.சி.யைப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கிறிஸ்தவன் என்று எழுதிவிடுவார். ஜோகூர் எல்லையைத் தாண்டிச் சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் பட்டறையில் எல்லோருக்கும் நான் மிஸ்டர் அந்தோணி. டிசம்பர் வந்தால் மேலாளர் எனக்கென்று தனியாகக் கேக் வாங்கி வைப்பார். முதல் வருடம் விளக்கம் சொல்லலாம் என்று பார்த்தேன். பிறகு கேக் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு கதை இருந்தது. என் தாத்தா வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகி, பிறகு திரும்பி வந்தவர் என்பான் தம்பி. அந்தக் காலத்துத் தோட்டத்துத் துரையின் பெயர் அது, அவர் தாத்தாவைத் தன் பிள்ளை மாதிரி வைத்திருந்தார் என்பார் அம்மாவின் அண்ணன். துரை யாரையாவது பிள்ளை மாதிரி வைத்திருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை, ஆனாலும் மாமா அதை அடித்துச் சொல்வார். அப்பாவிடம் கேட்டால் பதில் ஒன்றுதான். "எங்கப்பா பேரு. பேருக்கு எதுக்குடா கதை? கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும், அவ்வளவுதான்."

அப்பா கோத்தா திங்கியில், ஆற்றோர ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தாத்தா காய்ச்சலில் போனபோது அவருக்கு நினைவு தெரிந்தும் தெரியாத வயது. ஒரே பிள்ளை. அவருடைய அம்மா அவரைக் கையில் பிடித்துக்கொண்டு ரெங்கத்துப் பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் போனார். அங்கே அப்பா பால் வெட்டினார். ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டுச் எண்ணெய்ச் செம்பனை நட்டபோது பழம் ஏற்றும் லோரி ஓட்டினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை இடித்தபோது எங்களைக் கூட்டிக்கொண்டு ஜோகூர் பாருவுக்கு வந்து ஒரு அடுக்குமாடியின் உச்சியில் குடியேறினார். இப்போது என்னோடு தாமான் குடியிருப்பில் உள்ள வீட்டில் இருக்கிறார். ஒவ்வொரு முறை பெட்டி கட்டும்போதும் ஏதாவது ஒன்று விட்டுப்போயிற்று. தாத்தாவின் ஐ.சி. ஒரு வெள்ளத்தோடு போனது. படம் என்று ஒன்று எடுத்ததே இல்லை. அவரைப் புதைத்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அப்பாவிடம் தன் அப்பாவின் மிச்சம் என்று இருந்தது பிறப்புச் சூரா என்கிற பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் உள்ள அந்த ஒரு சொல்தான். அதைத்தான் எங்கள் எல்லோர் பெயருக்குப் பின்னாலும் போட்டார்.

அதையும் தன் அம்மா வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் அல்லவா. சிறுவயதில் ஒரு முறை கேட்டிருக்கிறார். "அதான் சூராவுல எழுதியிருக்கில்ல" என்றாராம் அவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். காகிதத்தில் சரியான பெயர்தான் இருக்கும் என்று நம்பியவர்.

போன வருடம் என் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை பாசிர் கூடாங்கில் வேலை. குடும்பம் கோத்தா திங்கி. பையன் தங்கம், என் மகள் அவனை அதட்டுகிற அதட்டலுக்குச் சிரித்துக்கொண்டே நிற்கிறான். நிச்சயம் முடிந்து, கோயில் மண்டபமும் பேசி, கார்டு அடிக்கிற நேரத்தில் பையனின் அப்பா போன் போட்டார். குரலில் ஒரு இழுப்பு.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. எங்க சின்னத் தாத்தா ஒண்ணு சொல்றாரு. கார்டுல பொண்ணோட தாத்தாவுலேருந்து எல்லார் பேருக்குப் பின்னாலயும் அந்தோணின்னு வருதில்ல, அத மட்டும் எடுத்துறலாமான்னு கேக்குறாரு. கோயில்ல நடக்கிற கல்யாணம். ஆளுங்க ஒரு மாதிரி பேசுவாங்க."

சின்னத் தாத்தா என்றால் மாப்பிள்ளையின் தாத்தாவுக்குத் தம்பி. எண்பதைத் தாண்டியவர், கோயில் நிர்வாகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கல்யாணமே வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்ததை என் மனைவி முறைத்த முறைப்பில் விழுங்கினேன். "அவசரப்படாதீங்க. மொதல்ல உங்கப்பாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

அப்பாவுக்குக் காது மந்தம். தொலைக்காட்சி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு அவர் தொலைக்காட்சியை அணைத்தார்.

"எடுத்துருங்க" என்றார். "பிள்ளை வாழ்க்கை பெருசு. ஆனா என் பேரு முழுசா இல்லாத கல்யாணத்துக்கு நான் முன்னால வந்து உக்கார மாட்டேன். பின்னால எங்கயாச்சும் இருந்து ஆசீர்வாதம் பண்ணிட்டு வந்துர்றேன்."

கோபித்துக்கொண்டிருந்தால் சமாளித்திருப்பேன். அப்படிச் சாதாரணமாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னபோதும் லயத்தை இடித்தபோதும் சரி என்று சொல்லிவிட்டு வந்த மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைத் தர மாட்டேன் என்கிறார். என் மகள் இதைக் கேட்டதும், "தாத்தா முன்னால உக்காராட்டி நானும் மேடை ஏற மாட்டேன்" என்று தன் பங்குக்கு ஒன்றைப் போட்டாள். பிடிவாதமும் பெயரோடு சேர்ந்து இறங்குகிறது போலிருக்கிறது.

நேரில் பேசிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான், மனைவி, அப்பா மூவரும் கோத்தா திங்கிக்குக் காரில் போனோம். மழைக்காலம். பாலத்தில் ஏறும்போது ஆறு கலங்கி, கரையை நக்கிக்கொண்டு ஓடியது. அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாரல் முகத்தில் அடிக்க அதையே பார்த்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் நான் மனதுக்குள் சண்டைக்கு வசனம் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன்.

சண்டை போடுகிற மாதிரி அந்த வீட்டில் யாரும் இல்லை. சின்னத் தாத்தா வாசல் வரை வந்து அப்பாவின் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீயும் வடையும் வந்தன. அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"எனக்கு அந்தோணியார் மேல வருத்தம் ஒண்ணும் இல்லீங்க. அவரு திருவிழாவுக்கு நானே பந்தல் போட்டிருக்கேன். ஆனா வேதக்காரங்க வீட்டுல பொண்ணு எடுத்துட்டு நம்மகிட்ட மறைச்சிட்டாங்கன்னு ஆளுங்க சொல்லுவாங்க. நாளைக்கு அந்தப் பொண்ணுதானே பதில் சொல்லணும்?"

அதில் நியாயம் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நிதானமாகச் சொன்னார். "நாங்க வேதத்துல சேரலைங்க. எங்கப்பா பேரு அது. எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இந்த ஊருதான் அவரு. ஆத்துக்கு அந்தப் பக்கம், தோட்டத்துல அக்கரை டிவிஷன்."

"அக்கரையா?" சின்னத் தாத்தாவின் முகம் மாறிவிட்டது. கார்டு, கோயில் எல்லாம் மறந்து போய்ச் சின்னப் பையன் மாதிரி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "நாங்க இக்கரைங்க! அங்க மாரியம்மன் திருவிழாவுக்கு வருசா வருசம் வருவோமே. பாலமா இருந்துச்சு அப்பல்லாம்? புதுச்சட்டைய நனைக்காம அந்தோணில ஏறித்தான் வரணும்."

தட்டில் வடையை வைத்துக்கொண்டிருந்த பையனின் அம்மாதான் கேட்டார்.

"எதுல ஏறி, மாமா?"

"அந்தோணிலம்மா. அந்தத் தோணில. அந்தோ..." அவர் நிறுத்தினார்.

வேகமாகச் சொன்னால் அந்தத் தோணி என்பது அந்தோணி ஆகிவிடும். நீங்களும் சொல்லிப் பாருங்கள். அந்த ஆற்றங்கரையில் ஒரே ஒரு தோணிதான் இருந்திருக்கிறது. அந்தத் தோணி வருதா, அந்தத் தோணி போயிருச்சா என்று தினமும் கேட்டுக் கேட்டு நடுவில் இருந்த எழுத்துகள் தேய்ந்து போயின. பிறகு தோணிக்கும் அதே பெயர், தோணி ஓட்டுகிறவருக்கும் அதே பெயர். இதெல்லாம் எனக்குப் பிறகு நிதானமாகப் புரிந்தது. அந்த நிமிடத்தில் சின்னத் தாத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் அப்பாவின் முழங்காலில் கை வைத்தார். "உங்கப்பா தோணி ஓட்டுனாரா?"

"ஆமா" என்றார் அப்பா. "தோட்டத்து வேலைக்குத்தான் வந்தாரு. நாகப்பட்டினத்துப் பக்கம் கடக்கரை ஆளு, தண்ணி பழக்கம். அதனால தோணியக் குடுத்துட்டாங்கன்னு எங்கம்மா சொல்லும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் இதை அவர் எங்களிடம் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று அங்கேயே கேட்டும்விட்டேன். "அந்தோணி எங்கேருந்து வந்துச்சுன்னுதானேடா கேட்டீங்க?" என்றார். "அவரு என்ன வேலை செஞ்சாருன்னு எவனாச்சும் கேட்டீங்களா?"

அது உண்மைதான். துரையையும் வேதத்தையும் பற்றிக் கதை கட்டிய நாங்கள் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை.

அதன் பிறகு சின்னத் தாத்தாவை நிறுத்த முடியவில்லை. என் தாத்தா ஒல்லியான ஆளாம். இடது காது கொஞ்சம் மடங்கி இருக்குமாம். சொல்லிவிட்டு அப்பாவின் காதைப் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். அதே காது. அப்பா தன்னையறியாமல் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வெள்ளம் வந்தால் லயத்துக் கூரைகள் மட்டும்தான் தெரியுமாம். ஆட்கள் மேட்டில் நின்றுகொண்டு கையைக் குவித்து "அந்தோணீ" என்று கத்துவார்களாம்.

"மழை சத்தத்துல எப்படித்தான் அவருக்குக் கேக்குமோ. அடுத்த கரைல இருந்தாலும் திரும்பிருவாரு. இருங்க, அப்புறம் வர்றேன்னு சொல்லி நான் கேட்டதில்ல. பக்கத்துக் கிராமத்துல, கம்பத்துல இருந்து மலாய்க்காரங்க கூப்பிட்டாலும் போவாரு, சீனக் கடைக்காரரு கூப்பிட்டாலும் போவாரு. ஒரு தடவ எங்க வீட்டு ஆட்டையும் ஏத்திக்கிட்டாருங்க. மனுசனுக்கே எடமில்ல, ஆடு எதுக்குன்னு தோணில ஒரே சண்டை. அதுவும் எஸ்டேட்டு ஆளுதான், தள்ளி உக்காருங்கன்னாரு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். எனக்குக் கண் கலங்கியது. ஒரு மனிதனைப் பற்றி இதைவிட நல்லதாக என்ன சொல்லிவிட முடியும்? படம் இல்லை, கல்லறை இல்லை, ஆனால் எழுபது வருடம் கழித்து ஒருவர் அவர் சொன்ன வாக்கியத்தைச் சொல்லிச் சிரிக்கிறார். எந்த மேலாளரும் என்னைப் பற்றி அப்படிச் சொல்லப் போவதில்லை.

பிறப்புச் சூராவில் அந்தப் பெயர் ஏறிய கதையை நாங்களாகத்தான் யூகித்தோம். அப்பா பிறந்த நேரத்தில் தாத்தா ஆற்றில் இருந்திருப்பார். பதிவுக்கு வேறு யாரோ போயிருப்பார்கள். தகப்பன் பெயர் என்ன என்று தோட்டத்து எழுத்தரான கிராணி கேட்டிருப்பார். ஊரே கூப்பிடுகிற பெயரைப் போனவர் சொல்லியிருப்பார். கிராணிக்கு அது தெரிந்த பெயர்தான். ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதிவிட்டார். வீட்டில் பெயர் தெரிந்த ஒரே ஆள் அதை வாயால் சொல்லாதவர். தவறைத் திருத்த யார் இருந்தார்கள்?

அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சின்னத் தாத்தாவிடம் கேட்டார்.

"அப்ப எங்கப்பாவோட பேரு என்னங்க?"

சின்னத் தாத்தா யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் சுருங்கியது. "தெரியலீங்களே" என்றார். "அவருகிட்ட யாரும் கேக்கலைங்க. கூப்பிட்டோம், வந்தாரு."

என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க தன் அப்பாவின் பெயர் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது பெயரே இல்லை என்று எழுபத்தெட்டு வயதில் ஒருவருக்குத் தெரிய வருகிறது. இங்கே வராமலே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

சூழ்நிலையைச் சரிசெய்ய நினைத்துப் பையனின் அப்பா சொன்னார். "அப்புறம் என்ன? பிரச்சினை தீர்ந்துச்சு. தோணிக்காரர்னே போட்ருவோம். நல்ல தமிழ்ப் பேரு, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." மற்றவர்களும் அதுதான் சரி என்றார்கள். உண்மையைச் சொல்லப்போனால் எனக்கும் அது பிடித்திருந்தது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

அப்பா தலையை ஆட்டினார். "வேணாங்க. தோணிக்காரரேன்னு கூப்பிட்டா அவருக்குத் தெரியாது. அந்தோணின்னு கூப்பிட்டாத்தான் திரும்புவாரு."

சின்னத் தாத்தா எழுந்து நின்றார். எண்பது வயதுக்காரர் எழுந்து நின்றதால் நாங்களும் எழுந்தோம். "அந்தோணின்னே போடுங்க" என்றார் தன் வீட்டாரைப் பார்த்து. "எவனாச்சும் கேட்டா என்கிட்ட அனுப்புங்க. நான் பதில் சொல்லிக்கிறேன்."

எங்கள் குடும்பப் பெயர் கப்பலில் வரவில்லை. நாகப்பட்டினத்தில் தாத்தாவுக்கு இருந்த பெயர் எதுவோ, அது கடலோடு போயிற்று. இது இங்கே, இந்த ஜோகூர் ஆற்றில், வேண்டியவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு உண்டான பெயர். திரும்பும் வழியில் பாலத்தின் மேல் மெதுவாக ஓட்டச் சொன்னார் அப்பா. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று நானும் மெதுவாகவே ஓட்டினேன்.

கல்யாணம் தை மாதத்தில் நடந்தது. கார்டில் அப்பாவின் பெயர் முழுசாக, அந்தோணியோடு இருந்தது. கேட்டவர்களும் இருந்தார்கள். சின்னத் தாத்தா ஒவ்வொருவரையும் பிடித்து உட்கார வைத்து வெள்ளத்தில் ஆரம்பித்து ஆடு வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் விட்டார். பாவம், சிலர் சாப்பாட்டைத் தவறவிட்டிருப்பார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் பெரியவர்களை ஆசீர்வாதத்துக்கு ஒவ்வொருவராக ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். அப்பாவின் பெயரையும் அழைத்தார்கள். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார், ஆனால் மேளமும் பிள்ளைகள் சத்தமும் சேர்ந்து அவர் காதில் எதுவும் விழவில்லை. பின்பக்கம் திரும்பி யாரிடமோ ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி அழைத்தார்கள். மேடையில் என் மகள் கை கூப்பியபடி தாத்தாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இறங்கி ஓடப் பார்த்தேன்.

அதற்குள் மேடையில் நின்ற சின்னத் தாத்தா ஒலிபெருக்கியைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். இரண்டு கையையும் வாயருகில் குவித்துக்கொண்டு, அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குக் கூப்பிடுகிற மாதிரி இழுத்துக் கூப்பிட்டார்.

"அந்தோணீ!"

அப்பா திரும்பினார்.